மேசைமேல் காத்திருந்த தட்டு

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஏற்காட்டில் பனிமூட்டம், ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. வெளியே பதினான்கு டிகிரி. ஆய்வுக்கூடத்துக்குள் எத்தனை டிகிரி என்று அன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. என் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், ஒரு குரங்குக் குல்லா. அப்படியும் மூக்கு என்னுடையதாக இல்லை.

செல் உயிரியலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். என்னிடம் கேட்டால் முப்பத்தெட்டு ஆண்டு அனுபவத்தையும் சொல்வேன் என்று பயந்து, நான் எதிரே வந்தால் நீங்கள் வேறு வழியாகப் போகிறீர்கள். பயப்பட வேண்டாம். மற்றவற்றில் பெரும்பாலும் செல் வளர்க்கும் தட்டு கழுவியதும் விண்ணப்பம் எழுதியதும்தான்.

சமவெளியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஓய்வு பெற்று, நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி ஏற்காட்டுக்கு வந்தேன். சொன்னவர் இன்னும் சமவெளியில்தான் சளியில்லாமல் இருக்கிறார். இங்கே ஒரு தனியார் ஆய்வு மையத்தில் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். ஆலோசகர் என்றால் ஆலோசனை கேட்கப்படாதவர். மாதம் ஆறாயிரம் ரூபாய் மதிப்பூதியம்; விழாக்களில் முன் வரிசையில் ஒரு நாற்காலி.

மையத்தின் இயக்குநர் சென்னைக்காரர். நல்ல படிப்பு, நல்ல ஆங்கிலம், நல்ல சால்வைகள். அவருடைய அறையில் சூடேற்றும் கருவி உண்டு. மீன் தொட்டி உண்டு. மீன் தொட்டிக்குத் தனியாக ஒரு சூடேற்றும் கருவியும் உண்டு. வெப்பநாட்டு மீன்களாம், குளிர் தாங்காதாம்.

ஆராய்ச்சியைச் செய்தவள் செல்வி. பக்கத்து வாழவந்தி கிராமத்துப் பெண், அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் வேலை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாவது ஆண்டு. அந்த மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அன்று பதினொரு மணிக்கு மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு ஒன்று சேலத்திலிருந்து ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. மையத்துக்கு ஐந்து ஆண்டு நிதி தரலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நிதி வந்தால் செல்வியின் உதவித்தொகை நீளும், ஆய்வேடு முடியும். வராவிட்டால் ஐந்து ஆண்டு உழைப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏற வேண்டியதுதான். குழுவுக்குக் காட்டுவதற்கு மையத்தில் இருந்த ஒரே பொருள் அவளுடைய ஆய்வு முடிவு. மற்றது சோபாக்கள். அவற்றை எண்ணினேன், ஏழு.

ஆய்வு இதுதான். அடாப்டர் புரதத்தைத் தபால்காரரோடு ஒப்பிட்டு இதுவரை நான் கேட்ட சொற்பொழிவுகள் முப்பத்தொன்று. தபால்காரர் என்ன பாவம் செய்தாரோ தெரியவில்லை. நான் அவரை விட்டுவிடுகிறேன். செல்லுக்குள் தயாராகும் புரதச் சரக்கு கோல்கி என்னும் இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து நுண்ணிய குமிழிகளில் ஏறி வெளியே போகிறது. எந்தச் சரக்கு எந்தக் குமிழியில் ஏற வேண்டும் என்று பார்த்து ஏற்றுவது அடாப்டர் புரதம். ஒரு பக்கம் சரக்கைப் பிடிக்கும், மறுபக்கம் குமிழியின் உறையைப் பிடிக்கும். அது பழுதானால் சரக்கு கோல்கியிலேயே தேங்கலாம்.

அந்த அடாப்டரில் ஒரே ஒரு இடத்தைச் செல்வி மாற்றியிருந்தாள். பச்சையாக ஒளிரும் ஒரு சரக்கைச் செல்லுக்குள் வைத்து, அதைக் கிளப்பிவிடும் மருந்தை ஊற்றி, ஐம்பது நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். அடாப்டர் சரியாக உள்ள செல்களில் பச்சை வெளியேறிப் பரவியிருக்கும். பழுதான செல்களில் நடுவில் ஒரு பச்சைக் கட்டி. ஒருமுறை இருமுறை அல்ல. எட்டு மாதமாக, செய்தபோதெல்லாம் இதே விடை. இயக்குநர் அதைப் "பாறை மாதிரி முடிவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை பத்திரிகைக்குப் போகிறது. முதல் பெயர் செல்வி, கடைசிப் பெயர் இயக்குநர். நம் தொழிலில் இதன் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: மாலை விழுந்தால் கடைசிப் பெயருக்கு, செருப்பு விழுந்தால் முதல் பெயருக்கு.

அன்று காலை ஒத்திகை. நுண்ணோக்கி அறையில் நானும் செல்வியும். எனக்குக் காப்பி வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை அவளுடைய மேசையில், தட்டுகளிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் குடிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அந்தப் பலகையை எழுதி மாட்டச் சொன்னதே நான்தான். வயதானவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. மஃப்ளரைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப எடுத்தால் காப்பி பச்சைத் தண்ணீர்.

"என்ன கண்ணு இது, வெச்சு நாலு நிமிசம் ஆகல, செத்துப்போச்சு!"

"அந்த மேச அப்படித்தானுங்க சார். கருங்கல்லு. சன்னல் வேற சரியா மூடாது. நொம்ப சில்லுனு இருக்கும்."

சொல்லிவிட்டு அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளரை அல்ல. அதற்கு அருகே, பழுதான அடாப்டர் உள்ள செல்களின் தட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தது.

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியின் மேடையில் சூடேற்றும் தகடு உண்டு, முப்பத்தேழு டிகிரி. அதில் ஒரு தட்டுக்குத்தான் இடம். மருந்தை இரண்டு தட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டு, சரியான செல்களை முதலில் மேடையில் வைப்போம். நல்லதை முதலில் பார்க்க வேண்டும் என்பது இயக்குநர் கட்டளை. பிள்ளையார் சுழி மாதிரி. பழுதான செல்களின் தட்டு பக்கத்து மேசையில் காத்திருக்கும். மருந்து ஊற்றிய தட்டை வராந்தா தாண்டி அடைகாப்புப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, செல்கள் பெயர்ந்துவிடும். இந்த முறையை அவர் சென்னையிலிருந்து அப்படியே கொண்டுவந்தார். சென்னையில் மேசைமேல் வைத்தால் வைத்ததுதான். அங்கே மேசையே அடைகாக்கும்.

"உனக்கு எப்பத் தோணுச்சு?" என்றேன்.

"மூணு நாளு முன்னாலதானுங்க சார். பொங்கலுக்கு ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க. எங்கம்மா மாவு புளிக்கலைன்னு அடுப்பு ஓரமா நகத்தி வெச்சாங்க. அப்பத்தான் பகீர்னுச்சு. வந்து இயக்குநர் சார்கிட்டச் சொன்னேன். 'விசிட் முடியட்டும்மா'ன்னுட்டாருங்க."

இருபது டிகிரி வாக்கில் நம்மைப் போன்ற உயிர்களின் செல்களில் சரக்கு கோல்கி வரை வந்து அங்கேயே நின்றுவிடும். நான் கண்டுபிடித்ததில்லை, பாடப் புத்தகத்தில் இருப்பது. வேண்டுமென்றே குளிரவைத்து அப்படி நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. இயக்குநரே ஆண்டுதோறும் வகுப்பில் இதைப் படம் போட்டு நடத்துவார், பதினேழாவது படம்.

அறையின் வெப்பம் பார்க்க வெப்பமானி வேண்டும். இரண்டு கோடி ரூபாய்க் கட்டடத்தில் அறைக்கு மாட்டும் வெப்பமானி இல்லை. கடைசியில் செல்வி போய் இயக்குநரின் மீன் தொட்டியில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிடுங்கும்போது தண்ணீரில் இருபத்தேழு காட்டியதாம். எங்கள் கருங்கல்மேல் கால் மணி நேரம் வைத்தோம். பத்தொன்பதில் நின்றது.

மீனுக்கு இருபத்தேழு, செல்லுக்குப் பத்தொன்பது.

"குழு வர நேரமிருக்கு. மாத்தி வெச்சுப் பாரு. பழுதானது மேடையில. சரியானது மேசையில" என்றேன்.

அவள் புதிதாக இரண்டு தட்டுகளுக்கு மருந்து ஊற்றி, இடம் மாற்றி வைத்தாள். ஐம்பது நிமிடம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு முடிவு எட்டு மாதமாகத் தவறாமல் சொன்னபடி நடந்தால், அது எப்போதும் ஆமாம் சாமி போடும் மைத்துனன் மாதிரி. என்றைக்காவது ஒருநாள் அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். இதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பாள்.

விடை வந்தது. பழுதான அடாப்டர் உள்ள செல்களில் சரக்கு அழகாக வெளியேறிப் பரவியிருந்தது. ஒரு குறையும் இல்லாத செல்களில் நடுவே பச்சைக் கட்டி. அடாப்டர் சரியோ பழுதோ, குளிர்ந்த தட்டு தேங்கியது, சூடான தட்டு தேங்கவில்லை. ஐந்து ஆண்டில் எட்டு மாதம் செல்வி ஆராய்ந்தது ஏற்காட்டின் குளிரை.

அவள் திரையைப் பார்த்தபடி, "அஞ்சு வருசமுங்க சார்" என்றாள். எட்டு மாதம்தான் என்று திருத்த வாயெடுத்தேன். எனக்கே வெட்கமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

இயக்குநர் உள்ளே வந்தார். கோட்டு, டை, காலரில் ஒரு ரோஜா. திரையைப் பார்த்தார்.

"லேபிள மாத்தி ஒட்டிட்டீங்க செல்வி."

"இல்லைங்க சார். தட்ட மாத்தி வெச்சேனுங்க. லேபிளு சரியாத்தான் இருக்குது."

"யார் மாத்தச் சொன்னது?"

"நான்தான்" என்றேன். "மேசை பத்தொன்பது டிகிரி. உங்க மீனோட வெப்பமானியில பாத்தோம்."

அவர் முதலில் கேட்டது, வெப்பமானியை எடுத்ததால் மீன் தொட்டியின் மூடி திறந்திருக்கிறதா என்று. பிறகு கதவைச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது. நம் தொழிலில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு குரலை இறக்கினால் அவர் அறிவியல் பேசப்போவதில்லை.

"பாரும்மா, இன்னைக்கு ஒரு நாள். பழைய மாதிரியே வை. நாம பொய் சொல்லல, எட்டு மாசமா வந்த டேட்டாவைத்தான் காட்டப்போறோம். நிதி வரட்டும். அப்புறம் ஆற அமரத் திருத்திக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்ச்சுக்கு அப்புறம் என்ன பண்ணுவ? சார் பென்ஷன் வாங்குறாரு, அவருக்கு என்ன?"

கடைசி வரி எனக்கு. சரியாகத்தான் சொன்னார். என் பென்ஷன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. துணிச்சலை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பது பென்ஷன்காரர்களுக்கு மிகவும் எளிது. ஆகவே நான் செல்வியிடம் என்ன செய் என்று சொல்லவில்லை. "ஒண்ணு மட்டும் நெனச்சுக்கோ கண்ணு. இதையே இன்னொருத்தன் வெயில் ஊருல செஞ்சு பாப்பான். அவனுக்கு வராது. அப்ப முதல்ல உம் பேரைத்தான் படிப்பான்" என்றேன். அவ்வளவே.

அவள் இயக்குநரைப் பார்த்து, "குழுகிட்ட நானே சொல்லிடட்டுங்களா சார்?" என்றாள்.

"நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் பேசிக்கிறேன். தட்டு ரெண்டையும் ரெடி பண்ணி வை."

"ரெண்டு தட்டுங்களா? சரிங்க சார்."

அவர் போய்விட்டார். அவள் தட்டுகளைத் தயார் செய்தாள். அவள் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாள் என்று பார்த்தேன். பார்த்ததும் சன்னல் பக்கம் திரும்பி, தெரியாத ஏரியைப் பார்க்கத் தொடங்கினேன்.

குழு முக்கால் மணி நேரம் தாமதம். ஜீப் டிரைவர் முதலில் உள்ளே வந்து அறிவித்தார்: "நடுவால ஒக்காந்திருந்த சாருக்குப் பன்னெண்டாவது வளைவுல வாந்தியாயிருச்சுங்க. பதினாலுல மறுக்காவும். இன்னும் ஆறு வளைவு இருக்குதுன்னு சொன்னனுங்க, அழுவாத கொறை." குழுவின் தலைவர் ஓர் அம்மையார், அறுபது வயதிருக்கும். கம்பளிச் சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு, போர்த்திய பொன்னாடையையும் கழற்றாமல் அதன்மேல் வைத்துக்கொண்டார். பொன்னாடையை உபயோகித்த ஒருவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இயக்குநர் பத்து நிமிடம் பேசினார். தபால்காரர் வந்தார். (முப்பத்திரண்டு.) பிறகு விளக்கை அணைத்து, செல்வியைப் படங்களைப் போடச் சொன்னார். மேடையிலிருந்த தட்டு: பச்சை பரவியிருந்தது. மேசையிலிருந்த தட்டு: நடுவே கட்டி.

"பாருங்கள்!" என்றார். "இது ஆரோக்கியமான அடாப்டர். சரக்கு போய்விட்டது. இது பழுதானது. ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றம், ஆனால் போக்குவரத்து முழுவதும் ஸ்தம்பித்துவிட்டது. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்."

வாந்தி எடுத்தவர்கூடத் தலையசைத்தார். தலைவர், "நல்ல தெளிவு" என்றார்.

"ஏனுங்க மேடம்," என்றாள் செல்வி இருட்டில். "ரெண்டும் ஒரே செல்லுங்க."

"என்னம்மா?"

"ரெண்டுமே நல்ல அடாப்டர் இருக்கற செல்லுங்க. பழுதானத இன்னைக்கு வெக்கவே இல்லைங்க. ஒண்ணு சூட்டுல இருந்துச்சு, ஒண்ணு இந்தக் கல்லு மேல இருந்துச்சு. நீங்க பாக்கறது எங்க ஊருக் குளிரைங்க."

விளக்கைப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் எழுந்துபோய்ப் போட்டேன். இயக்குநரின் முகத்தை வர்ணிக்க மாட்டேன். ரோஜா மட்டும் நன்றாக இருந்தது. தலைவர் எழுந்து வந்து, சால்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, கருங்கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படின்னா உங்க மாற்றம் என்னதான் பண்ணுது?"

"தெரியாதுங்க மேடம். இனிமேத்தான் பாக்கணும்."

"எட்டு மாசத்துல இந்தக் கேள்விக்கு இன்னைக்குத்தான் சரியான பதில் வந்திருக்கு" என்றார் அவர். சிரிக்கவில்லை. நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் இப்படிப்பட்ட இடத்தில் யாராவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உண்மையைச் சொன்ன பிறகு எல்லோருக்கும் பசிக்கும், சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஐந்து ஆண்டு கேட்டதற்கு ஓர் ஆண்டு தந்தார்கள். அதிலும் புதிய கருத்தரங்கக் கூடம், கூடுதல் சோபா இரண்டையும் அடித்துவிட்டு, செல்வியின் உதவித்தொகையை மட்டும் தனியாகக் குறித்து அனுப்பியிருந்தார்கள். கட்டுரை பத்திரிகைக்குப் போகவில்லை. நிதி சுருங்கியதால் சிக்கன நடவடிக்கை என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். முதல் சிக்கனம், ஆலோசகரின் மதிப்பூதியம். இரண்டாவது சிக்கனம் என்று ஒன்று இல்லை.

அதோடு முடிந்ததா? தட்டுகள் இன்னும் கருங்கல்மேல்தான் காத்திருந்தன. கடையில் கிடைக்கும் சூடேற்றும் பெட்டிக்கு லட்சக்கணக்கில் விலை. நான் பஜாரில் ஓர் ஆசாரியைப் பிடித்து ஒட்டுப்பலகையில் பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் போடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சேலத்தில் கிடைத்தது. ஒரு குண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி. முப்பத்தேழு டிகிரி, அரை டிகிரி முன்பின். நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். வெப்பமானி மீனிடமே திரும்பிப் போயிற்று. பெட்டிக்குப் புதிது வாங்கினேன். இதற்குப் பணம் கேட்டுப் பில்லை நீட்டியபோது, ஆசாரி கையால் எழுதிய பில்லில் வரி எண் இல்லை என்று கணக்குப் பிரிவு திருப்பிவிட்டது.

ஆனால் திறப்பு விழா நடந்தது. இயக்குநர் பெட்டிக்கு முன்னால் ரிப்பன் கட்டச் சொல்லி, அவரே வெட்டி, மையத்தின் சொந்தத் தயாரிப்பு என்று படம் எடுத்துக்கொண்டார். ரிப்பன் வாங்க ஆள் போனபோது சில்லறை இல்லையென்று என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

செல்வி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். ஒருநாள் சரியானது முதலில், மறுநாள் பழுதானது முதலில். எது எந்தத் தட்டு என்று படம் எடுக்கும்போது அவளுக்கே தெரியாதபடி லேபிளை மூடி ஒட்டினாள். பதினோரு மாதம். விடை: அவள் மாற்றிய அந்த இடம் சரக்குப் போக்குவரத்தை ஒன்றும் செய்வதில்லை. நூற்று நாற்பத்திரண்டு பக்கத்தில் அதை எழுதினாள். "ஒன்றும் செய்வதில்லை என்பதை இவ்வளவு உறுதியாக நிறுவியிருப்பது அரிது, சற்று நீளம்" என்று தேர்வாளர் ஒருவர் எழுதினார். பட்டம் கிடைத்தது. இப்போது கடலோரத்தில் ஒரு வெயில் ஊரில் வேலை. மின்விசிறிக்குக் கீழே தட்டு வைக்கக் கூடாது என்று அங்கே சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னாள்.

உங்களில் யாராவது அடுத்த ஜனவரியில் ஒரு மேசையைத் தொட்டுப் பார்க்கத் துணிந்தால், என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கேட்பவர்களுக்கு இதுவரை நான் தோராயமாகத்தான் சொல்லிவந்தேன். இங்கே சரியாகச் சொல்கிறேன். பெட்டி, கருவி, பல்பு, விசிறி, வெப்பமானி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எழுநூற்று முப்பது. ரிப்பன் நாற்பது. நிறுத்தப்பட்ட மதிப்பூதியம், செல்வி செய்து முடிக்கும்வரை நான் உடனிருந்த பதினோரு மாதத்துக்கு, அறுபத்தாறாயிரம். ஆக மொத்தம் எழுபதாயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய்.